செல்போன் சிக்கினால் வார்டர் சஸ்பெண்ட், சரி. அன்றைக்கு டூட்டி போட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறைக்குள் செல்போன் சிக்கியது, கஞ்சாப் பொட்டலம் சிக்கியது, கைதிகளுக்குள் அடிதடி என்று அடிக்கடி செய்தி வருகிறது. எல்லாச் செய்திக்கும் கடைசி வரி ஒன்றுதான், பணியில் கவனக்குறைவாக இருந்த காவலர்கள் சஸ்பெண்ட். அதோடு சரி. அந்தக் காவலர்கள் முந்தின நாள் எத்தனை மணி நேரம் நின்றார்கள், அந்த பிளாக்கில் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும், உண்மையில் எத்தனை பேர் இருந்தார்கள், அந்த டூட்டியைப் போட்டவர் யார் என்று எந்த நிருபரும் கேட்டு எழுதி நான் படித்ததில்லை. அதைக் கேட்கச் சொல்லித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிறைத்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து முதல் தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவன். கரிமேட்டுப் பக்கம் குடியிருக்கிறேன். வேலை பார்த்த சிறைகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை, மதுரைக்காரன் எழுதுகிறான் என்பதற்காக யாரும் மதுரைச் சிறை இருக்கிற புது ஜெயில் ரோட்டைப் பார்த்துக் கையை நீட்ட வேண்டாம். எந்த ஊர் வார்டரையும் டீக்கடைக்குக் கூட்டிப்போய் நிதானமாகக் கேட்டால் கிடைக்கிற விஷயம்தான் நான் எழுதுவது.

வெளியில் இருப்பவர்களுக்கு ஜெயில் என்றால் மதில், கம்பி, பூட்டு. உள்ளே வேலை பார்த்தவனைக் கேட்டால் கணக்கு என்பான். காலையில் திறக்கும்போது எண்ணி விட வேண்டும், சாயந்திரம் லாக்கப் பண்ணும்போது எண்ணி அடைக்க வேண்டும், நடுவில் கோர்ட்டுக்குப் போனவர், ஆஸ்பத்திரிக்குப் போனவர், மனு பார்க்க, அதாவது பார்க்க வந்த சொந்தக்காரரைச் சந்திக்க வெளியே வந்தவர், புதிதாக ரிமாண்டில் வந்தவர், ஜாமீனில் போனவர் எல்லாரையும் கூட்டிக் கழித்து, பிளாக் பிளாக்காக வரும் எண்ணிக்கையும் கேட்டில் இருக்கும் எண்ணிக்கையும் ஒன்றாக நிற்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தால் அந்த ஷிஃப்டில் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பெரும்பாலும் ஓடிப்போனவர் எவரும் இருக்க மாட்டார், எங்கோ ஒரு நோட்டில் ஒரு பெயர் இரண்டு தடவை ஏறியிருக்கும். ஆனாலும் திரும்ப எல்லா பிளாக்கும் எண்ண வேண்டும். இந்தக் கணக்கு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிற நேரம்தான் ஷிஃப்ட் மாறும் நேரம், ஜெயிலில் நடக்கிற தப்பில் பாதிக்கு மேல் விதை போடுவது அந்த அரை மணி நேரத்தில்தான் என்பது என் கருத்து.

முதலில் ஆள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் கூட்டிப் பார்ப்பதே இல்லை. ஒரு பாரா என்று வைத்துக்கொள்ளுங்கள், 24 மணி நேரமும் ஒருவர் நின்றாக வேண்டிய இடம். எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் நாளைக்கு 3 டூட்டி, வருடத்துக்கு 1,095 டூட்டி. ஒரு காவலர் வருடத்தில் எத்தனை நாள் வேலைக்கு வர முடியும்? வார ஓய்வு 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30, இவ்வளவை மட்டும் கழித்தாலே மிச்சம் 271 நாள். 1,095ஐ 271ஆல் வகுத்தால் நாலு ஆள். காய்ச்சல், பயிற்சி, பழைய வழக்கில் சாட்சி, பண்டிகை விடுமுறைக்கு ஈடு என்று சேர்த்தால் நாலரையைத் தொட்டுவிடும். ஒரு பாராவுக்கு மூன்று ஆளை வைத்துக்கொண்டு மூன்று ஷிஃப்டும் ஓடுகிறது என்று காகிதத்தில் காட்டினால், அந்த மிச்ச ஒன்றரை ஆள் வானத்திலிருந்தா வருவார்? இருக்கிற மூன்று பேர் உடம்பிலிருந்துதான் எடுக்கிறார்கள். காலை ஷிஃப்ட் முடித்தவனையே ராத்திரிக்கும் வரச் சொல்வது, ஓய்வு நாளில் போன் போட்டுக் கூப்பிடுவது, இதற்குப் பெயர்தான் 'அட்ஜஸ்ட்மென்ட்'.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்ற விகிதத்தைச் சொல்கிறது. மேடையில் பேசுகிறவர்களும் இந்த ஆறுக்கு ஒன்றையே பிடித்துக்கொள்கிறார்கள். 600 கைதிக்கு 100 காவலர் இருந்தால் விகிதம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மேலே சொன்னபடி நாலால் வகுத்தால் ஒரு நேரத்தில் உள்ளே நிற்பவர் 25 பேர். அதிலும் கேட்டுக்கு, டவருக்கு, ஆஸ்பத்திரிக் காவலுக்கு, ஆபீசுக்கு என்று எடுத்தது போக பிளாக்குக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். இதுகூட எல்லாப் பணியிடமும் நிரம்பியிருந்தால் வரும் கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி நாடு முழுக்கச் சிறைத்துறையில் ஏறக்குறைய 30 விழுக்காடு இடங்கள் காலி. அடைபட்டிருந்தவர்களில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். விசாரணைக் கைதி என்றால் தினம் வருவதும் போவதும், ஒவ்வொருவருக்கும் கேட்டில் ஒரு சோதனை, ஒரு கையெழுத்து. தண்டனைக் கைதியைவிட ஷிஃப்டுக்கு அவர்களால்தான் வேலை அதிகம்.

இருக்கிற ஆளையாவது உள்ளே வைத்திருக்கிறோமா? சீருடைப் பணியாளர்களை அதிகாரிகள் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வதைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கடுமையாகக் கேட்டதை உங்கள் பத்திரிகையும் போட்டிருக்கும். ஆர்டர்லி என்றால் மக்கள் அதை மானப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறார்கள். மானப் பிரச்சினைதான், ஆனால் அது ஷிஃப்ட் பிரச்சினையும்கூட. டூட்டி சார்ட்டில் அந்தக் காவலர் பெயர் ஏதோ ஒரு பாராவில் இருக்கும், ஆள் காய்கறி வாங்கிக்கொண்டிருப்பார். அந்த பாராவில் ஏதாவது நடந்தால் பக்கத்து பாராவில் நின்றவனுக்கு 17பி, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு. பெயர் இருக்கிற இடத்தில் ஆள் இல்லாமல் போவதுதான் மேற்பார்வையில் முதல் பொய், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்து வருவது.

ஆள் இல்லாத இடத்தை யார் நிரப்புகிறார்கள் என்றால், கைதிகளே நிரப்புகிறார்கள். 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்திலேயே கைதியைச் சிறைப் பணியில் அமர்த்தலாம், அப்படி அமர்த்தப்பட்டவர் பொது ஊழியராகக் கருதப்படுவார் என்று 23ஆம் பிரிவில் இருக்கிறது. வெள்ளைக்காரன் சிக்கனத்துக்குப் போட்ட சட்டம். நன்னடத்தையுள்ள தண்டனைக் கைதி ராத்திரி உதவிக்கு இருப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை, சில பேர் எங்களைவிடப் பொறுப்பாக இருப்பார்கள். ஆனால் ஒரு பிளாக்கில் காவலர் பெயரளவுக்கு வந்துபோக, யாருக்கு எந்த இடத்தில் படுக்கை, யார் கக்கூஸ் கழுவுவது, யாருக்கு முதலில் தண்ணீர் என்று ஒரு கைதி முடிவு செய்தால் அங்கே நடப்பது வேறு ஒரு நிர்வாகம். சாதி பார்த்து வேலை கொடுப்பதும் அடைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்பு சுற்றறிக்கையாக வரும், நோட்டீஸ் போர்டில் தொங்கும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற அந்த ஐந்து நிமிடம் தலைமைக் காவலர் அங்கே நின்று பார்த்தால்தான் அது உள்ளே நுழையும்.

இனி ஷிஃப்ட் மாற்றத்துக்கு வருகிறேன், நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான். விதிப்படி என்ன? அடுத்த ஷிஃப்டுக்காரர் முன்கூட்டியே வந்து ரோல் காலில் நிற்க வேண்டும், அவரை ஒருவர் சோதனை செய்து உள்ளே விட வேண்டும், அவர் பாரா நடக்கிற இடத்துக்கே போய், பழைய ஷிஃப்டுக்காரரோடு சேர்ந்து தலை எண்ணி, பூட்டைத் தொட்டுப் பார்த்து, சாவியை எண்ணி வாங்கி, நோட்டில் எழுதிய பிறகுதான் பழையவர் நகர வேண்டும். நடப்பது என்ன? பகல் இரண்டு மணிக்குப் பழையவர் கேட்டுக்கு வந்துவிடுவார், அவருக்கு ஸ்கூல் விட்டுப் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும், அல்லது மூன்றாவது டூட்டியாகத் தொடர்ந்து நின்று கண் எரிகிறது. புதியவர் உள்ளே வருவார். இரண்டு கேட்டுக்கும் நடுவில் நின்றபடியே "எல்லாம் சரிண்ணே" என்று ஒரு வார்த்தை. அதுதான் ஒப்படைப்பு. அந்த இடைவெளியில் பிளாக்கில் பத்து நிமிடம், சில நாள் இருபது நிமிடம் எவரும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு அந்த நேரம் எங்களைவிட நன்றாகத் தெரியும், கடிகாரம் இல்லாமலே தெரியும். செல்போனும் பேட்டரியும் கைமாறுவது அப்போதுதான். நடுராத்திரியில் கோடாங்கி பூசை மாதிரி எதுவும் நடப்பதில்லை, பட்டப்பகலில் நடக்கிறது.

ஒப்படைப்பில் பூட்டு சாவியைவிட முக்கியமானது தகவல். யாருக்கு இன்றைக்குத் தண்டனை தீர்ப்பாகி வந்தது, மனுவில் வந்த மனைவி யாரிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள், யார் இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை, எந்த இரண்டு பேர் பழைய கொலைக் கேசில் எதிரெதிர்க் கட்சி, யாருக்கு ஜாமீன் தள்ளுபடி ஆனது. தூக்குப் போட்டுக்கொள்ளப் போகிறவன் பகலிலேயே தெரிவான், கவனிக்கிற கண் இருந்தால். அந்தக் கண் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறது, பத்து மணிக்கு வருகிறவனுக்கு அது ஒரு நம்பர் மட்டும்தான். பாளையங்கோட்டையில் 2021 ஏப்ரலில், கிளைச் சிறையிலிருந்து மாற்றப்பட்டு வந்த ஒரு விசாரணைக் கைதி உள்ளே வைத்தே அடித்துக் கொல்லப்பட்டார், தென் மாவட்டமே கொந்தளித்தது, சிறைப் பணியாளர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. பொதுவாகச் சொல்கிறேன், ஒரு ஆள் வேறு சிறையிலிருந்து வரும்போது அவருக்கு யாரால் ஆபத்து என்பது வாரண்டில் இருக்காது, அனுப்புகிற இடத்துக் காவலர் மனதில் இருக்கும், அதை வாங்கி எழுதிவைத்து ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கடத்துவது மேற்பார்வையாளர் வேலை. தென் மாவட்டத்துச் சிறைகளில் இதைச் செய்யாமல் நாள் ஓட்டவே முடியாது.

ராத்திரி ரவுண்டு பற்றியும் சொல்ல வேண்டும். ராத்திரி இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் எந்த மனுசனுக்கும் கண் சொருகும், அதுவும் பகல் டூட்டி பார்த்துவிட்டு வந்தவனுக்குக் கேட்கவே வேண்டாம். ரவுண்டு வருகிற அதிகாரி ஒரே நேரத்துக்கு வந்தால் அதற்குப் பெயர் ரவுண்டு கிடையாது, பஸ் டைம். மெயின் கேட்டிலிருந்து "அய்யா கிளம்பிட்டாரு" என்று தகவல் பறந்துவிடும். அரை மணிக்கு ஒரு தடவை எழுத வேண்டிய பாரா நோட்டை ராத்திரி பத்தரைக்கே விடியக்காலை வரை எழுதி முடித்திருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லாவற்றிலும் "அமைதியாக உள்ளது". அதன் கீழே ரவுண்டு வந்தவர் கையெழுத்தும் இருக்கும்! எழுதியவனுக்குத் தண்டனை உண்டு, கையெழுத்துப் போட்டவருக்கு? இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. நேரம் மாற்றி வர வேண்டும், கேட்டில் போனை வாங்கி வைத்துவிட்டு வர வேண்டும், நோட்டைப் பார்த்த பிறகு செல்லுக்குள் டார்ச் அடித்துத் தலையை எண்ண வேண்டும், எண்ணும்போது போர்வை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். போர்வைக்குள் தலையணை வைத்திருக்கலாம், உயிர் இல்லாமலும் இருக்கலாம். நின்று தூங்குகிற காவலனைப் பார்த்தால் முதல் கேள்வி "எத்தனாவது டூட்டிப்பா இது?" என்பதாக இருக்க வேண்டும். அப்படிக் கேட்ட ஒரு துணை ஜெயிலரிடம் வேலை பார்த்திருக்கிறேன். அவர் ஷிஃப்டில் எவனும் தூங்கியதில்லை, பயத்தால் இல்லை, அவர் டூட்டி போடும் விதத்தில் தூங்கவேண்டிய தேவை வரவில்லை.

ரோல் காலில் நாறத் திட்டுவது பற்றி எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். தலை நரைத்த ஏட்டையாவை இருபது பையன்கள் முன்னால் வாடா போடா என்று பேசிவிட்டு, அதே ஏட்டையா உள்ளே போய்க் கைதியிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா? ஐநா சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் கைதிகளுக்கானது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், அதில் 74ஆம் விதி சிறைப் பணியாளருக்குப் போதுமான சம்பளமும் இந்தக் கடினமான வேலைக்குத் தக்க பணி நிலைமையும் வேண்டும் என்கிறது. டிஎன்பிஎஸ்சி எழுதி உதவி ஜெயிலராக வரும் பிள்ளைகள் நன்றாகப் படித்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள். வந்த புதிதில் ஒரு ஷிஃப்டையே கையில் கொடுத்துவிடுகிறோம். முப்பது வருடம் போட்ட தலைமைக் காவலர் "இதெல்லாம் இப்படித்தான் சார்" என்று சொன்னால் ஒன்று அப்படியே தலையாட்டுகிறார்கள், இல்லை என்றால் முதல் நாளே மெமோ கொடுக்கிறார்கள். இரண்டும் ஆபத்து. வேலூரில் சிறை நிர்வாகத்துக்கென்றே அகாடமி இருக்கிறது, அங்கே சட்டமும் சீர்திருத்தமும் சொல்லித் தருகிறார்கள், நல்லது, கூடவே ஒரு மாதம் டூட்டி சார்ட் போட வையுங்கள், ஒரு மாதம் கேட்டில் நிற்க வையுங்கள்.

டூட்டி சார்ட் போடுவது ஏதோ கிளார்க் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே மிகப் பெரிய அதிகாரம் அதுதான். பிடித்தவனுக்குக் கேட், பிடிக்காதவனுக்கு டவர். மனு நாளில் யாரைச் சோதனைக்கு நிறுத்துவது என்பதில் காசு இருக்கிறது, இதை மறைத்துப் பேசி என்ன பயன்? ஒரே ஆள் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் பழக்கம் முற்றிவிடும், தினம் மாற்றினால் எந்தக் கைதியையும் அவருக்கு அடையாளமே தெரியாது. இரண்டுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். பழைய ஆள் ஒருவர், புது ஆள் ஒருவர் என்று சேர்த்துப் போட வேண்டும், புதுப் பையன்கள் இரண்டு பேரை மட்டும் குண்டர் சட்டத்தில் வந்தவர்களை அடைக்கும் குண்டாஸ் பிளாக்கில் விடக்கூடாது. ஊர் விசேஷமும் தெரிந்திருக்க வேண்டும். சித்திரைத் திருவிழா சமயத்தில் லீவு கேட்காத காவலன் மதுரையில் இருக்க மாட்டான், அழகர் ஆற்றில் இறங்குகிற ராத்திரி பாதிப் பேருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். தை முதல் மூன்று நாளும் அப்படித்தான், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். இது வருடா வருடம் தெரிந்ததுதானே? போன வருடம் அழகர் பார்த்தவன் இந்த வருடம் டூட்டி என்று ஒரு மாதம் முன்பே எழுதிச் சுவரில் ஒட்டினால் யாரும் பொய்யாக மெடிக்கல் போட மாட்டான். கடைசி நாள் சாயந்திரம் வரை சார்ட்டை ரகசியமாக வைத்திருப்பதால்தான் சிபாரிசு வருகிறது.

பெண்கள் தனிச் சிறையில் பிரச்சினை இன்னும் இறுக்கமானது. எண்ணிக்கை குறைவு என்பதால் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் மொத்த சுற்றும் குலையும். ஆண் காவலரை அனுப்பி அட்ஜஸ்ட் பண்ணவும் முடியாது, அனுப்பவும் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்து திருமங்கலம் பக்கமோ மேலூர் பக்கமோ வீட்டுக்குப் போகிற பெண் காவலருக்கு வண்டி ஏற்பாடு வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதா?

கேமரா வைக்கிறார்கள், ஜாமர் வைக்கிறார்கள், 1865ஆம் வருடத்து மதுரைச் சிறையை ஊருக்கு வெளியே கொண்டுபோகும் பேச்சு பல வருடமாக இருக்கிறது. எல்லாம் வரட்டும். 2023இல் மத்திய அரசு மாதிரிச் சிறைச் சட்டம் ஒன்றைத் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது, சிறை மாநிலப் பட்டியல் என்பதால் முடிவு இங்கேதான். புதுச் சட்டமோ புது விதியோ எழுதும்போது எங்களைப் போன்றவர்கள் கேட்பது இவ்வளவுதான்: பாராவுக்கு நாலரை ஆள் என்று கணக்கிட்டுப் பணியிடம் ஒதுக்குங்கள், ஷிஃப்டுகள் அரை மணி நேரம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வைத்து அந்த அரை மணியையும் வேலை நேரமாகச் சேருங்கள், காவல்துறையில் கீழ்நிலைக் காவலர்களுக்கு வார ஓய்வு என்று 2021இல் அரசாணை வந்ததே, அதுபோல இங்கேயும் வார ஓய்வைச் சார்ட்டிலேயே முன்கூட்டி அச்சடித்துக் கொடுங்கள். அப்புறம் எந்தச் சம்பவம் நடந்தாலும் விசாரணை அதிகாரி முதலில் கைப்பற்ற வேண்டியது அந்த வாரத்து டூட்டி சார்ட்டையும் பாரா நோட்டையும். நின்றவனுக்கு மெமோ கொடுக்கும் அதே நாளில், அவனை அங்கே அத்தனை மணி நேரம் நிறுத்தியவரிடமும் எழுத்தில் விளக்கம் வாங்குங்கள்.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை சஸ்பெண்ட் செய்தி வந்தால், எத்தனை பேர் சஸ்பெண்ட் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அந்த ஷிஃப்டில் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள் என்ற இரண்டு எண்ணையும் கேட்டு வாங்கிச் செய்தியில் போடுங்கள். பதில் தர மறுத்தால், மறுத்தார்கள் என்றாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதல் தலைமைக் காவலர்,
மதுரை.
(பெயர் வெளியிட வேண்டாம்)